சுவருக்கும் லைனிங் உண்டு, அத்தை

என் அருமை அத்தைக்கு,

ஹாலில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பப் போகிறோம் என்று கல்லறைத் திருநாளன்று உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் போனபின் வந்த முதல் கல்லறைத் திருநாள், அதற்குப் போய் அப்படி ஒரு மழை. மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை. மாமா குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் மெழுகுவர்த்திக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அமளியில் நான் சொன்னது உங்கள் காதில் விழுந்ததோ இல்லையோ. அதனால் எழுதிவிடுகிறேன். நடந்து முடிந்தபின் எழுதுவதில் ஒரு வசதி, நான் அடித்த கூத்தையும் சேர்த்துச் சொல்லலாம். நீங்கள் சிரிப்பீர்கள், எனக்குத் தெரியும்.

சுவர் எதற்கு என்று முதலில் கேட்பீர்கள். நீங்கள் போன பிறகு மாமாவால் அந்த அறையில் தூங்க முடியவில்லை அத்தை. கட்டிலில் உங்கள் பக்கம் அப்படியே கிடந்தது. ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். "ரோஷினி ப்ளஸ் டூ படிக்குது, அதுக்கு ஒரு ரூம் வேணும்மா" என்று ஒரு காரணமும் சொன்னார். உங்கள் பேத்திக்கு அறை கிடைத்தது. மாமாவுக்கு டிவிக்கு எதிரே இருக்கிற திவான் கிடைத்தது.

நம் ஹால் லட்சணம் உங்களுக்குத் தெரியாதா? அதற்கு மந்தைவெளி பஸ் ஸ்டாண்டே தேவலை. சாயங்காலமானால் என் டியூஷன் பிள்ளைகள் வந்து தரையெல்லாம் பரப்பிக்கொண்டு உட்காரும். மாமா சத்தமில்லாமல் நாற்காலியை பால்கனிக்கு நகர்த்திக்கொள்வார். யாராவது வந்துவிடுவார்களே என்று விடியுமுன்பே படுக்கையைச் சுருட்டிவிடுவார். ரேடியோவைக் காதோடு ஒட்டவைத்துக் கேட்பார். இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார். தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருந்தார், அதைப் பார்த்துக்கொண்டு நாங்களும் இருந்தோம்.

பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து ஆப்பம் சாப்பிடும்போது சொன்னார். பூந்தமல்லிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அவருடைய பழைய ஆபீஸ் சிநேகிதர் இருக்கிறாராம். அங்கே ஓர் இடம் காலியாம். "கிறிஸ்மஸ் முடியட்டும், நான் அங்க போயிடறேன். உங்களுக்கும் இடைஞ்சல் இருக்காது." உங்கள் மகன் என்ன செய்தார் தெரியுமா? தேங்காய்ப்பாலை ஆப்பத்தில் ஊற்றிக்கொண்டே தலையாட்டினார். அவருக்கு வருத்தம் வந்தால் பேச்சு வராது என்று நீங்கள் சொல்வீர்கள். அன்றைக்கு அந்தத் தேங்காய்ப்பாலை அவர் தலையிலேயே ஊற்றியிருப்பேன்.

மாமாவுக்கு ஓர் அறை வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். கதவு வைத்த அறை. அதற்குள் அவர் இஷ்டத்துக்கு இருமலாம், ரேடியோவைச் சத்தமாக வைக்கலாம், படுக்கையைச் சுருட்டாமல் போட்டுவைக்கலாம். அதைக் கிறிஸ்மஸுக்குள் முடித்தாக வேண்டும், இல்லையென்றால் மனிதர் பெட்டியைத் தூக்கிவிடுவார்.

செங்கல் சுவர் வைக்க அடுக்ககத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. ஜிப்சம் போர்டில் வைக்கலாம் என்றார்கள். மாவை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டின பலகை அது. இரும்புச் சட்டம் நிறுத்தி, அதன்மேல் இந்தப் பலகையை ஸ்குரூ போட்டு முடுக்கினால் சுவர் ஆகிவிடும். ஆதம்பாக்கத்திலிருந்து பாஸ்கர் என்பவர் வந்தார். இதே வேலையாகத் திரிகிறவர். "அளவு நான் எடுத்துக்கறேன் மேடம், போர்டும் நானே எட்தாந்துடறேன்" என்றார்.

நான் விடுவேனா? தையல் டீச்சரின் மருமகள் ஆயிற்றே. விற்கிறவரும் தைக்கிறவரும் சொல்கிற அளவுக்குத் துணி எடுக்கக் கூடாது, நாமே அளந்து நாமே வாங்க வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம் இல்லையா? உங்கள் மெஷின் இழுப்பறையிலிருந்து அந்த மஞ்சள் இன்ச் டேப்பை எடுத்தேன். ரோஷினி ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, ஐந்தைந்து அடியாகச் சுவரில் பென்சில் கோடு போட்டுக்கொண்டே போனேன். பாஸ்கர் கை கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "இன்னா மேடம், ஜாக்கெட்டுக்கா அளவு எடுக்குறீங்க?"

"ஆமாம்ப்பா. ஹாலுக்கு ஜாக்கெட்" என்றேன்.

அகலம் பன்னிரண்டு அடி, உயரம் ஒன்பது. நூற்றெட்டு சதுர அடி. ஒரு போர்டு நாலடிக்கு ஆறடி, அதாவது இருபத்துநாலு. வகுத்தால் நாலரை வருகிறது. அரை போர்டு எவரும் தரமாட்டார்கள், ஆகவே ஐந்து. "கதவு வர்ற இடத்தைக் கழி ஜெசி, நாலுலயே முடிஞ்சிடும்" என்றார் உங்கள் மகன். அங்கேதான் நீங்கள் குறுக்கே வந்தீர்கள். கழுத்துக்கு வெட்டப்போகிற துணியைக் கழித்துவிட்டு யாராவது ஜாக்கெட் துணி எடுப்பார்களா? வெட்டி விழுகிற துண்டு வேறு எதற்கு ஆகும்? கதவைக் கழிக்கவில்லை. கட்டம் போட்ட துணியென்றால் கட்டத்தோடு கட்டம் சேர்வதற்காகக் கொஞ்சம் கூடுதலாக எடுப்பீர்களே, அந்த நினைப்பில் ஒரு போர்டு கூடச் சேர்த்தேன். மொத்தம் ஆறு. எவ்வளவு அழகான கணக்கு! உங்களிடம் காட்டவேண்டும் போல இருந்தது.

"ஆறு போதுமா மேடம்?" என்று பாஸ்கர் ஒருமுறை கேட்டார். பத்தாம் வகுப்புக்குச் சொல்கிற குரலில் "போதும்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. என் வகுப்பிலும் யாரும் கேட்பதில்லை.

போர்டு வந்து இறங்கியது. சட்டம் நிறுத்தினார்கள். ஹால் பக்கம் போர்டு அடித்து மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள். மழமழவென்று நிஜச் சுவர் மாதிரியே இருந்தது. எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பாஸ்கர் சமையலறை வாசலுக்கு வந்து, "மேடம், அந்தாண்ட பக்கத்துக்கு போர்டு எங்க கீது?" என்றார்.

"எந்தப் பக்கம்?"

"உள்பக்கம் மேடம். சொவத்துக்கு ரெண்டு பக்கம் கீதுல்ல?"

அத்தை, பால் பொங்கி வழிந்தது. இரண்டு பக்கம்! ஒரு பக்கத்துக்கு மட்டும் நூற்றெட்டு சதுர அடி என்று அவ்வளவு நறுக்காகக் கணக்குப் போட்டவளுக்கு, சுவருக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தோன்றவே இல்லை. ரோஷினி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அம்மா, நீ கணக்கு டீச்சர்னு வெளிய சொல்லிடாத" என்றாள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, அப்போது.

கடைக்குப் போன் செய்தால் அவர்கள் வேறு பாட்டுப் பாடினார்கள். மழை பிடித்துக்கொண்டது, ஜிப்சம் நனைந்தால் ஊறிய அப்பளம்தான், மழை விட்டால்தான் குட்டியானை வண்டியில் ஏற்றுவோம் என்றார்கள். இந்த வருஷ மழையோ விடுகிற மழையாக இல்லை. பாஸ்கர் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு, போர்டு வந்ததும் கூப்பிடச் சொல்லிப் போய்விட்டார். ஹாலில் இருந்து பார்த்தால் சுவர். மாமாவின் பக்கம் போனால் வெறும் எலும்புக்கூடு. இரும்புச் சட்டங்களும், அவற்றுக்கு நடுவே எங்கள் போர்டின் பழுப்புநிறப் பின்பக்கமும்.

மாமா அதற்குள் திவானை உள்ளே நகர்த்திக்கொண்டு குடிபோய்விட்டார். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ எட்டிப் பார்த்தேன். ஒரு சட்டத்தில் ஜெபமாலை தொங்குகிறது. ஒன்றில் குடை. குறுக்குச் சட்டத்தில் ரேடியோவையும் மாத்திரை டப்பாவையும் வரிசையாக வைத்திருக்கிறார். "ஷெல்ப் மாதிரி நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். மழை விட்டதும் முதல் வேலையாகப் போர்டு வந்துவிடும் மாமா என்றேன்.

"பரவால்லம்மா, விடு. என் பக்கம்தானே, யாரு பாக்கப்போறா? கிறிஸ்மஸ் வரைக்கும்தானே."

அதை அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை அத்தை. அவருக்குக் குத்தத் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிறிஸ்மஸுக்கு அப்புறம் போகக்கூடாது என்பதற்காகக் கட்டின அறையை, கிறிஸ்மஸ் வரைக்கும் ஒதுங்கிக்கொள்கிற இடமாக அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அந்தக் கம்பிகளைப் பார்த்தால் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோதுதான் ரோஷினியோடு தி.நகர் போனேன். கிறிஸ்மஸுக்கு அவள் முதல்முதலாகப் புடவை கட்டப்போகிறாள், அதற்கு ஜாக்கெட் துணி. பாண்டி பஜாரில் முழங்கால் தண்ணீர், ஆனாலும் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மெரூன் நிறத்தில் நல்ல துணியாகப் பிடித்து, மீட்டர் சொல்லி, வெட்டச் சொன்னேன். கடைப்பையன் வெட்டி மடித்துவிட்டு, "லைனிங் எவ்ளோ வெட்டட்டும்க்கா?" என்றான்.

எத்தனை வருஷமாக ஜாக்கெட் போடுகிறேன்! லைனிங் எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாழ்நாளில் லைனிங் வாங்கியதே இல்லையே அத்தை. மேல்துணி மட்டும்தான் நான் எடுத்துவருவேன். அது பளபளக்கிறதா, புடவைக்குச் சேர்கிறதா என்பதோடு என் கவலை முடிந்துவிடும். உள்துணி உங்கள் டிரங்குப் பெட்டியிலிருந்து வரும். நீங்களே எங்கேயோ வாங்கி, தண்ணீரில் நனைத்து, சுருங்க விட்டு, சாயம் போகிறதா பார்த்து, இஸ்திரி போட்டு நிறம் நிறமாக அடுக்கியிருப்பீர்கள். தைத்து முடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போய்விடுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாள் திருப்பிப் பார்த்ததுண்டா?

திருவல்லிக்கேணியிலிருந்து கல்யாணமாகி வந்தபோது என் ஜரிகை ஜாக்கெட் கழுத்தெல்லாம் அறுத்து, தோல் சிவந்து கிடந்தது. புது இடம், யாரிடம் சொல்வது? நீங்களும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அந்த ஜாக்கெட் கொடியில் தொங்கியது. தையலைப் பிரித்து, உள்ளே மெல்லிய மல் துணி வைத்து மறுபடி தைத்திருந்தீர்கள். "வெளிய மினுமினுன்னு இருந்து இன்னா பண்றது ஜெசி, உள்ள இருக்கறதுதான் ஒடம்புல படும்" என்று மட்டும் சொன்னீர்கள். அப்போது நான் தேங்க்ஸ் சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கடையில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே நின்று அழுதேன். அந்தப் பையன் பயந்துபோய், "அக்கா, லைனிங் வேணாம்னா விட்டுடலாம்" என்றான். வேண்டாம் என்றுதான் சொன்னேன். உங்கள் பெட்டியில் இருக்கும் என்று தெரியும்.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே பாஸ்கருக்குப் போன் செய்தேன். புதுப் போர்டு வரவில்லை, ஆனால் வாங்க என்றேன். ஹால் பக்கம் அடித்ததைக் கழற்றி மாமா பக்கம் அடிக்க வேண்டும்.

மனிதர் நேரில் வந்தும் நம்பவில்லை. "நல்லா யோசிச்சிக்கினீங்களா மேடம்? ஊர்ல எல்லாரும் வெளிப்பக்கம் ஷோவா இருக்கணும்னு கேப்பாங்க. நீங்க இன்னாடான்னா அடிச்சதக் கழட்டச் சொல்றீங்க. பண்டிக வருதில்ல?"

உங்கள் மகனுக்கும் அதே கவலை. "வீடு வீடா கேரல் ரவுண்டு வரும் ஜெசி. ஹால்ல இப்படிக் கம்பி தெரிஞ்சா வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"மாமா பக்கம் முதல்ல முடிஞ்சிருக்குன்னு நெனப்பாங்க" என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு, பாஸ்கரோடு சேர்ந்து ஸ்குரூ கழற்ற ஏறிவிட்டார். உங்கள் பிள்ளை நல்லவர்தான் அத்தை, ஸ்டார்ட் ஆகத்தான் நேரமாகும்.

இடுக்குகளில் இன்னும் பூச்சுப் பூசாததால் போர்டுகள் சேதமில்லாமல் வந்தன. நேராக வெட்டினதெல்லாம் அப்படியே பொருந்தின. கதவுக்கு மேலே வரும் துண்டு மட்டும் தகராறு செய்தது. கதவின் மூலைக்காக அதில் ஒரு பக்கம் வெட்டு விழுந்திருந்தது. இந்தப் பக்கத்துக்கு வெட்டு மறுகோடியில் வரவேண்டும். திருப்பிப் போட்டால் போர்டின் பழுப்பு முதுகு வெளியே வருகிறது. இரண்டு கையும் இடது கையாக வெட்டிவிட்டுத் தையல் வகுப்புப் பிள்ளைகள் உங்களிடம் வந்து முழிப்பார்களே, அதே கதை. ஆனால் நான் முழிக்கவில்லை. கட்டம் சேர்வதற்காக நீங்கள் கூட எடுக்கச் சொன்ன அந்த ஆறாவது போர்டு பால்கனிக் கதவருகே பிளாஸ்டிக் சுற்றிச் சாய்ந்திருந்தது. அதிலிருந்து வெட்டிப் போட்டார்கள். ஒரு கணக்காவது எனக்குச் சரியாக வந்ததே என்று பெருமையாக இருந்தது, அதுவும் உங்கள் கணக்குத்தான்.

மாமா முதலில், "எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?" என்று கதவுப்பக்கமாகவே நின்றுகொண்டிருந்தார். திவானுக்கு எதிரே வருகிற போர்டைத் தூக்கும்போது மெல்ல உள்ளே வந்தார்.

"தம்பி, இதுல ஆணி தாங்குமா? ஒரு படம் மாட்டணும்."

"வெறும் போர்டு தாங்காது தாத்தா. பின்னாடி ஒரு கட்ட வச்சி மூடிட்டா கல்லு மாரி நிக்கும். எங்க வரணும் சொல்லுங்க."

மாமா திவானில் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்து விரலால் ஓர் இடத்தைத் தொட்டார். மறுபடி போய்ப் படுத்துப் பார்த்தார். இன்னும் ஒரு சாண் இறக்கச் சொன்னார். அந்த இடத்தில் கட்டை வைத்து மூடினார்கள். யார் படம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்மஸ் முடிந்ததும் போகிறவருக்கு ஆணி தாங்கினால் என்ன, தாங்காவிட்டால் என்ன என்று எனக்குள் ஓடியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நானாவது வாயைத் திறக்காமல் இருந்தேன் என்றால் நம்புவீர்களா?

நேற்றுச் சாயங்காலம் கேரல் ரவுண்டு வந்தது. பங்குக் கோயிலின் இளம் ஃபாதரும் கூட வந்திருந்தார். ஹாலில் கால் வைத்ததும் எல்லோரும் அந்தக் கம்பிச் சுவரைத்தான் பார்த்தார்கள். ரோஷினி சட்டத்துக்குச் சட்டம் காகித நட்சத்திரமும் சீரியல் லைட்டும் கட்டிவிட்டிருந்தாள். அவற்றுக்குப் பின்னால் மாமா போர்டின் பழுப்பு முதுகு. கிடார் வைத்திருந்த பையன், "ஆன்ட்டி, இதுதான் இந்த வருஷக் குடிலா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பாடி முடித்து, ஃபாதர் ஜெபம் சொல்லி, கேக் கொண்டுவர நான் திரும்பும்போது மாமா தன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் தீர்த்தக் குப்பி.

"ஃபாதர், என் ரூமைக் கொஞ்சம் மந்திரிச்சுக் குடுத்துடுங்க."

குடிபோகிற வீட்டைத்தான் மந்திரிக்கச் சொல்வோம். நாலு நாள் தங்குகிற இடத்துக்கு யார் தீர்த்தம் தெளிக்கச் சொல்வார்கள்? அதுவும் காலையிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்து போய்க் குப்பியில் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார், எங்களில் ஒருவருக்கும் சொல்லாமல்.

ஃபாதர் உள்ளே போய்ச் சுற்றிலும் பார்த்தார். ஹாலில் பார்த்ததற்கும் உள்ளே பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. வெள்ளைவெளேரென்று சுவர், அதில் நீங்கள், கீழே ரேடியோ, சுருட்டாத படுக்கை. "நீங்க பூந்தமல்லி போறதாச் சொன்னாங்களே தாத்தா?" என்றார்.

"எப்படி ஃபாதர் போறது? அவங்க பக்கத்தை அப்படியே விட்டுட்டு என் பக்கத்தை முடிச்சுக் குடுத்துட்டாங்களே. ஆணிகூட அடிச்சிட்டேன்."

உங்கள் மகன் கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். இந்தத் தடவை கண்ணில் தண்ணீரோடு ஆட்டினார். நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலையிலிருந்து மழை கொஞ்சம் வெறித்திருக்கிறது. எங்கள் பக்கத்துக்கு ஐந்து போர்டு போதும், ஆனால் ஆறு சொல்லியிருக்கிறேன். வந்தால் அடிக்கலாம், வராவிட்டால் கிறிஸ்மஸ் அன்றைக்கும் நட்சத்திரத்தோடு கம்பி இருந்துவிட்டுப் போகட்டும். எவருக்கும் அவசரமில்லை. மாமா உள்ளே ரேடியோ வைத்திருக்கிறார், தெருமுனை வரைக்கும் கேட்கும். என் டியூஷன் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கணக்குப் போடுகின்றன. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா அத்தை?

உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மெரூனுக்குச் சேர்கிற லைனிங் மேலாகவே இருந்தது, நனைத்து, சுருங்கவிட்டு, இஸ்திரி போட்டு. யாருக்கென்று எடுத்துவைத்தீர்கள்? ரோஷினி புடவை கட்டப்போவது உங்களுக்கு எப்படித் தெரியும்? பெட்டி எனக்குப் பிறகும் காலியாகாது அத்தை, அது என் பொறுப்பு. இனி உள்துணியை நானே வாங்கி, நானே நனைத்து, அடுக்கிவைப்பேன். ரோஷினியும் அவளுக்குப் பின் வருகிறவர்களும் அதைத் திருப்பிப் பார்க்காமல் போட்டுக்கொண்டு போகட்டும், நான் போன மாதிரியே.

நீங்கள் வைத்துத் தைத்த மல் துணியில் இன்றும் உறுத்தாமல் வாழ்கிற
உங்கள் மருமகள்
ஜெசி